கேசட்டின் இரண்டாம் பக்கம்

மச்சான்,

போன வாரம் என் சின்ன மகளுக்குத் தடுப்பூசி போட ஆவடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவள் கையில் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஊசியும் மறந்தது, அழுகிற குழந்தையும் மறந்தது. பூந்தமல்லி கடைத்தெருவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்கவேண்டிய உன் ரிப்பேர் கடைக்குள் போய்விட்டேன். நீ குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, ஒரு டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய். பஞ்சு காப்பிக்கொட்டை நிறத்தில் வருகிறது. "பாரு மச்சான், இம்மாம் அழுக்க வெச்சிகினு பாட்டு தெளிவா வர்லன்றான்" என்று சிரிக்கிறாய். டாக்டர் என்னை இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். சோம்பேறித்தனம் இல்லை, பயம். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ கடைசியாக அனுப்பிய கேசட்டின் இரண்டாம் பக்கத்தை நான் கேட்கவே இல்லை. கேட்காமலேயே அதன் மேல் என் குரலைப் பதிந்து உனக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ அதில் என்ன சொல்லியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு நினைவிருக்கும். சர்ச்சில் பூசை முடிந்ததும் நான் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, வண்டியை உன் வீட்டுச் சந்தில் சாத்துவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முதலில் கிளம்புகிற பஸ்ஸில் ஏறுவோம். போர்டைப் பார்ப்பது உன் சட்டப்படி குற்றம். கடைசி ஸ்டாப்பில்தான் இறங்க வேண்டும். "ஊரு இன்னான்னு தெரியணும்னா அது முடியற எடத்துல நின்னு பாக்கணும்" என்பாய். அப்படி ஒரு நாள் இரண்டு பஸ் மாறி வெள்ளானூரில் போய் இறங்கினோம். ஒரு டீக்கடை, நாலு மாடு, அதற்கப்புறம் வெறும் வயல். பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி நீ இடுப்பில் கைவைத்து நின்றாய். "இத்த பாக்காதவன் மெட்ராச பாக்கல மச்சான்." டீக்கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார்.

எண்பத்தேழில் எனக்கு சோவியத் நாட்டில், கீவ் நகரில் இன்ஜினியரிங் படிக்க ஸ்காலர்ஷிப் வந்தது. நீ பத்தாவதோடு நின்றவன். பொறாமைப்படுவாய் என்று நினைத்தேன், நீ எனக்கு முன்னால் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாய். செத்துப்போன இரண்டு டேப் ரெக்கார்டர்களைப் பிரித்து, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, பேட்டரியில் ஓடுகிற ஒன்றைச் செய்து என் பெட்டியில் வைத்தாய். "போட்டோலாம் வாணாம். போட்டோ எவன்னா அனுப்புவான். நீ சத்தம் அனுப்பு." அங்கே நல்ல கேசட் கிடைப்பது அபூர்வம். அதனால் நமக்குள் ஒரே கேசட்தான் போய்வந்தது. முதல் பக்கம் உன்னுடையது, இரண்டாம் பக்கம் என்னுடையது. அவனவன் பக்கத்தில் பழையதை அழித்துப் புதிதாகப் பேசுவது என்று ஏற்பாடு. லீவில் ஊருக்கு வந்துபோகும் மாணவர்கள் யாராவது கொண்டுவருவார்கள்.

போன புதிதில் இரண்டு மாதம் நான் ஹாஸ்டலையும் வகுப்பையும் விட்டு வெளியே போகவில்லை. இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. மொழி தெரியாது, குளிர் எலும்பைத் தின்றது, எதிரில் வருகிற ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும், படுக்கையில் குப்புறக் கிடப்பேன். அப்புறம்தான் உன் முதல் கேசட் வந்தது. "இன்னா மச்சான், கடைசி ஸ்டாப்பு இன்னும் போவலியா? அங்க பஸ்சு இல்லியா?" என்று கேட்டிருந்தாய். மறுநாளே கோட்டு போட்டுக்கொண்டு இறங்கினேன். முதலில் வந்த டிராமில் ஏறினேன், போர்டைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்த ஊரை அதன் ஓரங்களிலிருந்து தெரிந்துகொண்டேன். ஒரு டிராம் பெரிய ஆலை வாசலில் கொண்டுபோய் விட்டது. இன்னொன்று ஒரே அச்சில் வார்த்த அடுக்கு வீடுகளுக்கு நடுவில், ஒரு ரொட்டிக் கடை வரிசைக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு பஸ் நீப்பர் ஆற்றங்கரையில் விட்டது. ஆறு உறைந்து கிடந்தது, அதன்மேல் ஓட்டை போட்டு ஆட்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கோட்டுக்குள் இருந்த உன் டேப்பிடம் சொல்லிக்கொண்டே நடப்பேன். டிக்கெட்டில் நாமே ஓட்டை போடும் சத்தம், பனியில் பூட்ஸ் அரைபடும் சத்தம், அடுத்த ஸ்டாப் பேரைச் சொல்லும் டிரைவரம்மாவின் குரல். ஒரு தடவை டிராமில் ஒரு பாட்டியம்மா, தொப்பி போடாமல் தனியாகப் பேசுகிறேன் என்று என்னைத் திட்டித் தீர்த்தார். நண்பனுக்கு அனுப்ப என்று டேப்பைக் காட்டினேன். உடனே வாயைக் கிட்டக் கொண்டுவந்து, உன்னையும் ஒழுங்காகத் தொப்பி போடும்படி திட்டினார். அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நீ போட்டுக் காட்டினாயாம். அடுத்த கேசட்டில் ஒரு குறையும் சொன்னாய். குளிரில் பேட்டரி இறங்கிப்போய், பதிவு வேகமாகிவிட்டதாம். "உன் கொரலு எலிக்குஞ்சு மாறி கீது மச்சான். பேட்டரிய சட்டைக்குள்ள வெச்சி சூடு பண்ணிக்கோ."

உண்மையைச் சொன்னால் அந்த ஊரில் நான் ஒரு நாளும் தனியாகச் சுற்றவில்லை. உன்னிடம் சொல்வதற்காகத்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

எண்பத்தொன்பது செப்டம்பர் கடைசியில் அந்தக் கேசட் வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு உன் பக்கத்தைக் கேட்டேன். கடை, உன் தங்கை கல்யாணப் பேச்சு, வானகரத்தில் ஒருத்தன் ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவுக்குள் பல்லி குடும்பம் நடத்திய கதை. உன் குரல் இழுத்து இழுத்து வந்தது. பேட்டரி வீக் என்று நினைத்தேன். எடுத்துச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி மறுபடி போட்டேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கடைசியில், "இன்னொரு விசயம் கீது மச்சான், கொஞ்சம் பொறுமையா கேளு" என்றாய். அத்தோடு பக்கம் முடிந்துவிட்டது. எப்போதும் நீ பாதிப் பேச்சில்தான் டேப்பை முடிப்பாய். வாயாடிக்குப் போதவில்லை என்று சிரித்தேன். அடுத்த தடவை சொல்வாய் என்று விட்டுவிட்டேன்.

மறுபக்கம் என்னுடையது. அதில் என் பழைய பேச்சுதான் இருக்கும், அதை எதற்குக் கேட்க வேண்டும்? அடுத்த ஞாயிறு ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினேன், அது இறங்கவில்லை. பார்த்தால் கேசட்டின் முதுகில், அந்தப் பக்கத்துக்கான சின்ன பிளாஸ்டிக் பல் உடைந்திருந்தது. பதிந்ததை யாரும் அழித்துவிடக் கூடாது என்றால்தான் அந்தப் பல்லை உடைப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? உன் கடையில் உட்கார்ந்து எத்தனை கேசட் பார்த்திருப்பேன்! ஆனால் வழியில் பெட்டிக்குள் இடிபட்டு உடைந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். அப்படி உடைந்தால் ஓட்டையில் காகிதத்தை மடித்து அடைத்து ரெக்கார்ட் பண்ணும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவனும் நீதான். நோட்டுப் புத்தகத்தில் ஓர் ஓரத்தைக் கிழித்தேன், அடைத்தேன். பொத்தான் இறங்கிற்று.

அன்று நான் ஏறிய டிராம் பைன் மரக் காட்டுக்குள் போனது. ஊர் முடிந்த பிறகும் நிற்காமல் மரங்களுக்கு நடுவில் தடதடவென்று ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "மச்சான், காட்டுக்குள்ள டிராம் போவுது மச்சான், நம்மூர்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்!" என்று கத்தினேன். போகவர எல்லாம் பேசித் தீர்த்தேன். அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ஜனவரியில் அப்பாவின் கடிதம் வந்தது. அது வந்து சேர்ந்தபோது உன் வீட்டில் நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடித்திருந்தார்கள். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று அப்பா எழுதியிருந்தார். உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதே அந்தக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் நான் எந்த டிராமிலும் கடைசி வரை போகவில்லை.

லீவில் வந்ததும் உன் வீட்டுக்குத்தான் முதலில் ஓடினேன். உன் அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "உனுக்கு சொல்லவே கூடாதுன்னு இருந்தான் தம்பி. படிப்பு கெட்டுடுமாம். அப்பறம் ஒருநா டேப்ப எட்த்துகினு பின்னால போய் குந்திகினான். ஒரு பக்கம் முடிஞ்சிது, திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் பேசினான். எங்க யாரயும் கிட்ட வரவுடல. அழுதுகினே பேசினான்பா."

அந்தப் பல்லை நீயேதான் உடைத்திருக்கிறாய். பதில் கேசட் வந்தபோது என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்திருந்தான். காதாண்டயே வெச்சிகினு முழுசும் கேட்டான். இன்னாடா சொல்றான் உன் சினேகிதன்னேன். 'டிராம்ல காட்டுக்குள்ள போனானாம்மா'ன்னான். வேற ஒண்ணும் சொல்லல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினான்." அப்புறம், "அப்டி இன்னாப்பா பேசினான் உன்னாண்ட? எனுக்கு சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்.

நான் அழித்துவிட்டேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? வாயில் வந்ததைச் சொன்னேன். "பயமா இல்லன்னு சொன்னாம்மா. நீங்க கூடவே கீறதால பயமே இல்லன்னான்." உன் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். கிளம்பும்போது அந்தக் கேசட்டை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் இரண்டாம் பக்கத்தைப் போட்டுக் கேட்டேன். முழுக்க நான்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். என் பேச்சு முடிகிற இடத்தில் ஒரு டக். அதற்கப்புறம் டேப்பின் வாலில் தப்பித்துக் கிடந்தது உன் குரல், ஒரே ஒரு வரி: "நீ இன்னா சொல்ற மச்சான்?" அவ்வளவுதான், டேப் முடிந்தது. என்ன கேட்டாய்? வரச் சொன்னாயா? வர வேண்டாம் என்றாயா? ஓட்டையில் நான் அடைத்த காகிதம் அப்படியே இருந்தது. அதை நீ பார்த்திருப்பாய். நீ அழுததையெல்லாம் கேட்டுவிட்டு, வேண்டுமென்றே ஓட்டையை அடைத்து அழித்துவிட்டு, பதிலுக்கு டிராம் கதையை அனுப்பியிருக்கிறேன் என்றுதானே நினைத்திருப்பாய்? இவன் கேட்டிருக்க மாட்டான், மடையன், என்று உனக்குப் புரிந்திருக்கலாம் என்று பல நாள் என்னை நானே தேற்றிப் பார்த்தேன். புரிந்திருந்தால் ஒரு கார்டாவது போட்டிருப்பாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்க மாட்டாய்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு ரம்ஜானுக்கும் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்கிறார், நானும் ஏதாவது ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தங்கையை நல்ல இடத்தில் கொடுக்கச் சொன்னாய் என்றேன். கடையை விற்க வேண்டாம் என்றாய் என்றேன். உன் மாதிரியே இழுத்துப் பேசியும் காட்டியிருக்கிறேன், வெட்கம் கெட்டவன்.

இந்த வருஷம் போனபோது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். உன் அம்மா என்னைக் காட்டி, "என் புள்ள கடைசியா இவனாண்டதான் எல்லாம் பேசினான்" என்று ஆரம்பித்து, நான் இத்தனை வருஷமாகக் கட்டிச் சொன்ன அத்தனையும் ஒரு வரி பிசகாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. "அப்டிதானப்பா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். நீ அழுதுகொண்டே பேசிய அந்த அரை மணி நேரம் இப்போது எங்கேயும் இல்லை மச்சான். டேப்பிலும் நான்தான் பேசுகிறேன், உன் அம்மா வாயிலும் நான்தான் பேசுகிறேன்.