ஹாட்பாக்ஸில் கொண்டுபோன ஐஸ்

மன்னித்துக்கொள். நீ இருந்தபோது உன் மெசேஜுக்கெல்லாம் ஒரே வார்த்தையில் பதில் போட்டவள் நான். "ரசீது மாதிரி பதில் போடாதடி" என்று திட்டுவாய். படிக்க நீ இல்லாதபோது இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

இன்று காலை சென்னையிலிருந்து வந்து, செஞ்சியில் தொண்டூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஜூஸ் கடைக்காரர் ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றிக் கட்டையால் உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, இப்பல்லாம் ஐஸ் வேணாமா? கூட வருமே, அந்தப் பொண்ணு எங்க?" என்றார். அவருக்குத் தெரியாது. "வேணாம்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

எம்.எஸ்சி. படிக்கும்போது செய்தோமே, அந்தச் செரிமான நொதி. நிறமில்லாத கரைசலில் அதைச் சேர்த்தால் மெல்ல மஞ்சள் ஏறும். ஏறும் மஞ்சளை நேரத்தோடு சேர்த்துப் புள்ளி வைத்தால் நேர்கோடு வரும். அதன் சாய்விலிருந்து நொதியின் வேகம். எல்லோருடைய கோடும் பூஜ்யத்தில் தொடங்கியது, ஏனென்றால் எல்லோரும் ஸ்கேலைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் வரைந்தார்கள். நீ மட்டும் புள்ளிகள் போன வழியே வரைந்தாய். நம் கோடு பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே தொடங்கியது.

"கலக்கும்போது கை நடுங்கியிருக்கும்" என்றேன்.

"நடுங்கறது உன் கை. என்னுது இல்ல."

மறுபடி செய்தோம். அதே இடைவெளி. நாம் பார்க்கத் தொடங்குவதற்குள்ளேயே கொஞ்சம் மஞ்சள் வந்துவிடுகிறது. அதைப் பிடிக்க ஒரு நொடிக்குள் கலந்து அளக்கும் கருவி வேண்டும், அது நம்மிடம் இல்லை என்றார் பேராசிரியர். நீ விடவில்லை. "நம்மால வேகமா பாக்க முடியலன்னா, அத மெதுவா ஓட வெப்போம். குளுருல எல்லாம் மெதுவாத்தான் ஓடும்."

துறையின் ஐஸ் மெஷின் பழுதாகிக் கிடந்தது. அதனால்தான் சனிக்கிழமைகளில் உங்கள் பாத்திரக் கடையிலிருந்து ஒரு ஹாட்பாக்ஸ், இந்த ஜூஸ் கடையிலிருந்து ஐஸ், அப்புறம் கல்லூரிக்கு பஸ்.

"இன்னாம்மா சொட்டுது, ரசமா?" என்றார் கண்டக்டர்.

"ஐஸுண்ணா."

"ஹாட்பாக்ஸ்ல ஐஸா! படிச்ச புள்ளைங்கன்னா இப்டித்தான் போல."

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய்.

அந்த பஸ்ஸில்தான் எனக்குப் புரிய வைத்தாய். "காலி பஸ்ஸு வந்து நின்னா இன்னா ஆவுது? தள்ளுமுள்ளுல சீட்டெல்லாம் ரொம்பிடுது. அப்புறம் ஒருத்தர் எறங்கினாத்தான் ஒருத்தருக்கு சீட்டு. நொதியும் அப்டித்தான்டி இருக்கணும். உக்காரும்போதே ஆளுக்கொரு மஞ்சப் பைய வெளிய போட்டுடறாங்கன்னு வெச்சுக்க." ஏறும் வேகம் ஒன்று, இறங்கும் வேகம் ஒன்று, இரண்டு வேக மாறிலிகள். எல்லோரும் ஸ்கேலால் மறைத்த அந்த இடைவெளியின் உயரமோ, மொத்தம் எத்தனை சீட்டு, அதாவது எத்தனை நொதி மூலக்கூறு என்று சொல்லிவிடும். கண்ணுக்கே தெரியாதவற்றை அப்படி எண்ண முடியும் என்ற வியப்பில் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அதையும் கூச்சம் என்று நினைத்திருப்பாய்.

ஐஸில் வைத்துச் செய்த அன்று கோடு வளைந்தது. தொடக்கத்தில் கொஞ்சம் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்தது. "தெரியுதா? தெரியுதா?" என்று என் கையைக் கிள்ளினாய். ஆனால் வளைவின் கடைசித் துண்டுதான் நமக்குக் கிடைத்தது. ஏறும் வேகத்தைக் கணக்கிட அது போதவில்லை. "அந்த ஒரு நம்பர் கெடைச்சா போதும்டி" என்றாய். அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நான் இப்போது வேலை செய்யும் ஆய்வகத்தில் அந்தக் கருவி இருக்கிறது. நேற்று அதே நொதி, அதே கரைசல். இரண்டு சிரிஞ்சுகள் ஒன்றாக அழுந்தின. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். திரையில் முழு வளைவும் வந்து நின்றது. பூஜ்யத்தில் புறப்பட்டு, பாய்ந்து ஏறி, தோள் திரும்பி, பிறகு நாம் பார்த்த அதே அமைதியான ஏற்றம். கோடானுகோடி இருக்கைகள் நிரம்பியதை நான் பார்த்தேன். உன் நம்பரும் கிடைத்தது. இந்த நொதி இப்படித்தான் என்று புத்தகங்களில் எப்போதோ எழுதிவிட்டார்கள். அதைப் பிற்பாடுதான் படித்தேன். ஆனால் நீ எதையும் படிக்காமல், ஓர் இடைவெளியை அழிக்க மறுத்தே அங்கே போய்ச் சேர்ந்தாய். இன்றுவரை என் கை எந்தக் கோட்டையும் வலுக்கட்டாயமாகப் பூஜ்யத்துக்கு இழுப்பதில்லை.

இன்னொன்று. காலையில் உன் நைனா என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"சனிக்கெழம கிளாஸே கெடையாதாமே. அது ஹாட்பாக்ஸ தூக்கிக்கினு போவும். யாருக்கும்மா சோறு கொண்டும்போச்சு? திட்டறதுக்குக் கேக்கல. யாருன்னு சொன்னா ஒரு தபா போய்ப் பாத்துட்டு வருவேன்."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தாய். ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் தெரிந்தால் அப்போதே நிறுத்திவிடுவார் என்று, வீட்டில் வாய் திறக்கமாட்டேன் என என்னிடம் சத்தியம் வாங்கினாய். இத்தனை நாளும் காப்பாற்றிவிட்டேன்.

அந்தச் சத்தியத்தை எனக்குத் திருப்பிக் கொடு. நாளை அந்த வளைவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், நீ பார்க்கப் போனது எதை என்று அவருக்குக் காட்ட வேண்டும். சரி என்று சொல்.