குஞ்சு இல்லாத ஆறாவது வீடு

அனுப்புநர்:
க. அருளம்பலம்,
புளியடி ஒழுங்கை,
உடுப்பிட்டி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பறக்கும் ஊர்வன கண்காணிப்புப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

ஊடாக: கிராம அலுவலர்

விடயம்: கொள்ளிவாயன் குஞ்சுகளை ஒழுங்கையார் சிறைபிடித்து வைத்திருப்பதால் என் மருமகள் குணலட்சுமியின் வீடு மட்டும் எரிக்கப்படுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகள் உண்டு. பொழுதுபட்டால் ஐந்து வீடுகளில் கொள்ளிவாயன் குஞ்சு கதறும். ஆறாவது வீட்டில் குஞ்சு இல்லை. அது என் தங்கையின் மகள், கணவனை இழந்த குணலட்சுமியின் வீடு. அவளும் நானும் அங்கே வசிக்கிறோம். வசிக்கிறோம் என்பது இம்மனுவை எழுதும் நேரத்து நிலைவரம்; தங்கள் கைக்குக் கிடைக்கும் நேரத்துக்கு நான் பொறுப்பல்ல.

2. இந்தச் சீவனைத் தாங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அண்ணாந்து பார்த்தவன் என்ற தகுதியில் சில விபரங்களைச் சமர்ப்பிக்கிறேன். நீளம் பருத்தித்துறை பஸ் ஒன்றரை. செட்டையை விரித்தால் கோழிகள் இரவென்று நம்பி அடையப் போகின்றன. கோபம் வந்தால் முதலில் கழுத்து தவில்போல உப்பும். அது எச்சரிக்கை, ஓடுவதற்கு அவகாசம். பிறகு எரிகிற வீணீரைத் துப்பும். அதற்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. வயிரவர் கோயில் கிணற்றையே இறைத்து ஊற்றினோம். நெருப்பு அவ்வளவையும் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. மண் ஒன்றுக்குத்தான் அடங்கும். முதுகுச் செதிலில் கோடரி பட்டால் கோடரிதான் வளையும். வாலை வெட்டினால், வால் தனியாகச் சண்டை செய்யும். பக்கத்து வீட்டுச் சயந்தன் வெட்டிப் பார்த்தவர். அந்த வால் அவரைச் சந்திவரை துரத்திக்கொண்டு போக, வாலின் சொந்தக்காரி பனையில் இருந்து வேடிக்கை பார்த்தாள். அவளுக்கு வால் மறுபடியும் முளைத்துவிட்டது. சயந்தனுக்கு வால் பறித்த இரண்டு விரல்களும் முளைக்கவில்லை.

3. இவ்வளவு ஆயுதம் வைத்திருந்தும், வயற்கரையில் பட்டுப்போன பனையொன்றில் குடியிருந்து எலி பிடித்துத் தின்றதைத் தவிர அது யாருக்கும் தீங்கு செய்ததில்லை. அது சண்டைக்கு இறங்குவது பிள்ளைக்காக மட்டுமே. அதிலும் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. பிள்ளையின் குரல் கேட்கிற கூரைக்கு நெருப்பு வைக்காது. பிள்ளையும் சேர்ந்து வெந்துபோகும் என்ற பயம். பிடித்தவனுக்குக் கைகொடுக்க ஒருவரும் மிஞ்சாதபடி சுற்றியுள்ளதை எல்லாம் எரிக்கும்.

4. இந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்த பெருமையும் சயந்தனையே சாரும். தாய் இரை தேடப் போன சமயம் ஏணி வைத்து ஏறி, கைத்தொலைபேசியில் படம் போடவென்று ஒரு குஞ்சைக் கொண்டுவந்து எண்ணெய்ப் பீப்பாய்க்குள் அடைத்தார். அன்று பின்னேரம் அயலார் அனைவரின் வைக்கோற்போர்களும் எரிந்தன. அவருடையதில் ஒரு துரும்பு கருகவில்லை. முதல்நாள் ஒழுங்கையார் அவரைத் திட்டினார்கள். மறுநாள் அவரிடமே ஏணி இரவல் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சீவகாருண்ணியம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஜெயகௌரி ரீச்சர், இருந்தவற்றில் கொழுத்ததாகப் பார்த்துத் தெரிவு செய்தார். எங்கள் படலை வாசலில் நின்று, "பிள்ளை, நீரும் ஒண்டைப் பிடிச்சு வையும். ஊரோடை ஒத்து ஓடாட்டில் எரிஞ்சுதான் போவீர்" என்று புத்தியும் சொன்னார். குணலட்சுமி, "ஒண்டாவது தாயோடை கிடக்கட்டும் ரீச்சர்" என்றாள். அப்படித்தான் ஆறாவது குஞ்சு கூட்டில் தங்கியது. தாயும் அதன்மேல் செட்டையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. எரிப்பு நின்றது.

5. ஆனாலும் தாய் எந்த நேரமும் வரலாம் என்ற பயத்தில் மற்ற ஐந்து வீட்டாரும் குஞ்சை அழவைக்கும் பயிற்சியைக் கைவிடவில்லை. நித்திரை கொள்கிற குஞ்சு காவல் ஆகாது, அது அழவேண்டும். சயந்தன் பீப்பாயின் கீழ் நெருப்பு மூட்டுகிறார். ரீச்சர் கண்ணில் மிளகாய் தேய்த்து, பிறகு இளநீரால் கழுவிவிடுகிறார், இரக்கமுள்ள மனுசி. இன்னொரு வீட்டில் செட்டைத் தோலை நாளுக்குக் கொஞ்சமாகக் கிழிக்கிறார்கள், சிக்கனமாக. கோயில் மணி அடிப்பது இப்போது ஐயருக்கே கேட்பதில்லை.

6. இந்த நிலையில்தான் தங்கள் உத்தியோகத்தர் நிருஷன் கையுறையும் பெட்டியுமாக வந்தார். ஐந்தையும் மீட்டுத் தாயிடம் சேர்ப்பார் என்று எண்ணி, நானே மாலை போட்டு வரவேற்றேன். ஐந்து வீட்டாரும் கொடுத்த சோடாவைக் குடித்த அவர், தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து, கூட்டில் கிடந்த ஆறாவதை ஆய்வு மாதிரியென்று எடுத்துப் பெட்டியில் போட்டார். "தம்பி, உந்தக் குஞ்சை எடுத்தால் தாய் இறங்கும்" என்றேன். "பயப்பிடாதையுங்கோ ஐயா, அறிக்கை ஒண்டு வரும்" என்றார். அறிக்கை இன்னும் வரவில்லை. தாய் அன்றைக்கே வந்தது.

7. சோளகக் காற்றும் கூடச் சேர்ந்துகொண்டது. முதலில் மாட்டுக்கொட்டில். பசு கட்டையில் நின்றபடியே எரிந்தது. கன்றின் கயிற்றை அவிழ்க்கப்போன குணலட்சுமிக்கு இடக்கை முழங்கைவரை வெந்தது, கன்றும் தப்பவில்லை. அடுத்து, சோறு காய்ச்சும் குசினி. அயலாரிடம் ஒரு குஞ்சு கேட்டுப் போனோம். "தந்தால் எங்கடை கூரைக்கு ஆர் அழுறது?" என்று எல்லோரும் ஒரே நியாயத்தைச் சொன்னார்கள். பிழையென்று என்னாலும் சொல்ல முடியவில்லை. குஞ்சின் கதறலைப் பதிந்து ஒலிபெருக்கியில் போட்டேன். தாய், சங்கீத ரசிகர்போலத் தலையைச் சரித்து முடியும்வரை கேட்டுவிட்டு, முதற்காரியமாக ஒலிபெருக்கியை எரித்தது.

8. அந்த வேளையில், கைப்புண்ணில் அனல் பட்டு குணலட்சுமி வீரிட்டாள். துப்ப வாய்திறந்த தாய் நிறுத்தியது. கூரையில் இறங்கி, அவள் ஓயும்வரை காது கொடுத்திருந்து, எழும்பிப் போனது. பொய்க் குரலை அது அறியும். நோவு மெய்யானால் யாருடைய பிள்ளையென்று பார்ப்பதில்லை போலும். அன்றிலிருந்து பொழுதுபடும் நேரத்தில் நான் அவளுடைய கட்டை அவிழ்த்து, புண்ணில் உப்புத் தண்ணீர் விடுகிறேன். "விடுங்கோ மாமா, வந்திட்டுது" என்று அவளே கையை நீட்டுவாள். எங்கள் வீடு அப்படித்தான் நிற்கிறது.

9. இப்போது புண் ஆறிவருகிறது. வருகிற கிழமை தோல் மூடிவிடும் என்று டொக்டர் சந்தோசப்பட்டார். அவர் மனம் நோகக்கூடாதென்று நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம்.

10. ஆகவே ஐயா, அந்தத் தோல் மூடுவதற்கு முன் தாங்கள் பொலிசாருடன் வந்து, ஐந்து குஞ்சுகளையும் ஒரே பொழுதில் எடுத்து, தங்களிடம் உள்ளதையும் சேர்த்துக் கூட்டில் விடுவிக்க வேண்டும். தானாக முதலில் கொடுக்கிறவன் முதலில் எரிவான் என்பதால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். கட்டளை வேண்டும்.

11. அது தங்களால் இயலாதெனில், ஆறாவது குஞ்சையாவது எங்களுக்குத் தந்துதவுக. தாயோடு கிடக்கட்டும் என்று சொன்ன குணலட்சுமியே இதைக் கேட்டு எழுதச் சொன்னாள். அவள் ஒரு சாக்கு ஊசியைத் தீட்டி வைத்திருக்கிறாள். எங்கள் ஆறு வீடும் அழத் தொடங்கினால், தாய் அடுத்த ஒழுங்கைக்குப் போகும். அங்கேயிருந்தும் தங்களுக்கு மனு வரும். அதை வாசித்துச் சிரமப்பட வேண்டாம். இதிலேயே முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கூரை உள்ளவரை தங்கள் பணிவுள்ள,

(ஒப்பம்) க. அருளம்பலம்

இடம்: உடுப்பிட்டி
திகதி: 14.08.2025