சோத்தாங்கைப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்
ஷெட்டைத் திறந்ததுமே ஒரு வெள்ளைக் கார். ஓட்டி வந்தவர் பிரசவம் பார்க்கும் நர்சம்மாவின் கணவர். விழுந்து கை அடிபட்டதிலிருந்து அந்த அம்மாவால் ஓட்ட முடியவில்லையாம், இவர்தான் டிரைவர். திரும்பும்போது விளக்குப் போடும் சிக்னல் கம்பியைத் தூக்க அந்த அம்மாவுக்கு விரல் வராது, அதைப் பட்டனாக்கி ஸ்டியரிங்கிலேயே வைக்க வேண்டும். "அவ எங்க ஓட்டப் போறா? மனசு திருப்திக்குச் செஞ்சு குடும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பொம்மைக்கடையா வைத்திருக்கிறேன்?

எந்தப் பக்கம் என்று அந்த அம்மாவையே போனில் கேட்டேன். "சோத்தாங்கைப் பக்கம் வச்சிடும்மா. கட்டைவிரல் எட்டினாப் போதும்."

மார்ச் 5
பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு டீ. ஏர்பேக்கில் மிச்ச மின்சாரம் அடங்கும்வரை ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது. பிறகு ஸ்டியரிங் சக்கரத்தை எடுத்து, பின்னால் சுருண்டு கிடக்கும் பட்டை வயரை நடுவுக்குக் கொண்டுவந்து, அதில் சும்மா கிடந்த இழைகளில் பட்டன்களை இணைத்தேன். வலதுபக்கம், கச்சிதமாக. இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தேன், வயர் இழுபடவில்லை. தொட்டதும் டிக் டிக் என்று விளக்கு. என் கண்ணே பட்டுவிடும்.

மார்ச் 6
ஐயோ, ஐயோ.

நர்சம்மா வந்து உட்கார்ந்து பட்டனைப் பார்த்தார். "என்னம்மா இது, வராத கைக்கு வச்சிருக்க?"

"நீங்கதானே சோத்தாங்கைன்னு சொன்னீங்க!"

"ஆமா. நான் சாப்பிடறது இதுல" என்று இடதுகையை ஆட்டிக் காட்டினார். பிறவியிலேயே இடதுகைக்காரராம். அடிபட்டது வலதுகை.

"நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் வேணாம்னு" என்று ஆரம்பித்தார் கணவர். எனக்கு வந்ததே கோபம்! "ஏன் சார், இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து சாப்பிடறீங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

நர்சம்மா ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்ததில் ஹாரன் அலறியது. அப்புறம் மெல்லச் சொன்னார்: "நேரங்கெட்ட நேரத்துல கூப்பிடுவாங்கம்மா. இவரை எழுப்பி எழுப்பி எனக்கே கூச்சமா இருக்கு. நானே போகணும். எப்படியாவது பண்ணிக் குடு."

மறுபடி கழற்றத்தான் போகிறேன். வேறென்ன செய்வது? எந்தக் கையில் அடி என்று கேட்காமல் விட்டது நான்தானே.

மார்ச் 7
இடதுபக்கம் மாற்றியாயிற்று. இந்தத் தடவை நர்சம்மாவையே உட்காரவைத்து, கட்டைவிரல் விழுகிற இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டேன். விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது இரண்டு கையையும் நீட்டி, "இதுல எது சோத்தாங்கை, சொல்லு பாப்போம்" என்கிறார். கொழுப்பு!

மார்ச் 10
மழை. வேலை இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 12
ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் நர்சம்மாவை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டாராம். போனில் சொல்லும்போது நர்சம்மா அழுதுவிட்டார். நானும்தான். எழுதினால் என்ன, நான் மட்டும்தானே படிக்கப் போகிறேன்.

ஏப்ரல் 2
கடைத்தெரு சிக்னலில் நின்றபோது பக்கத்தில் அந்த வெள்ளைக் கார். ஓட்டியது நர்சம்மா. அவசரம் போல, என்னைக் கவனிக்கவில்லை. கட்டைவிரல் அழுத்தியது, விளக்கு மினுக்கியது, வண்டி திரும்பியது. பக்கத்து சீட்டில் அவர் கணவர், வாயைப் பிளந்துகொண்டு நல்ல தூக்கம்.