சேட்டு திருப்பிக் கொடுத்த கல்

மேலக்கரை, மன்னார்குடி வழி
20-1-1972

குத்தாலத்தில் இருக்கும் நாத்தனார் ஆனந்தவல்லிக்கு அண்ணி ரெங்கம்மாள் எழுதுவது.

உன் அண்ணன் காரியத்தன்று உன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். வேலை இருக்கிறது, எழுதுகிறேன்.

பேத்தி அம்சத்துக்கு வேதாரண்யத்தில் வரன் கூடியிருக்கிறது. பையன் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறான். அம்சத்துக்கும் பிடித்திருக்கிறது. பையனின் தாயாருக்குத்தான் ஒரே பிடி: பெண் காதில் வைரத்தோடு இருக்க வேண்டும். என் மகன் துரைராசுவால் வாங்க முடியாது. நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக எங்களுக்கு மிஞ்சியது கடைமடையில் கொஞ்சம். அதிலும் சிவப்புக் கொடி ஊன்றியிருக்கிறார்கள். கூலி பேசி முடியாமல் சம்பா கதிரோடு நிற்கிறது.

உன் அம்மா நகை பிரித்த வெள்ளிக்கிழமையை மறந்திருக்க மாட்டாய். ஏழுகல் வைரத்தோடு உனக்கு. நீலக்கல் மோதிரம் எனக்கு. மகளுக்கு வைரம், மருமகளுக்குச் சனி. நீ அரக்குப் புடவை கட்டியிருந்தாய். பந்தியில் என் இலைக்கு அப்பளம் வைக்கவில்லை. அதுவும் நினைவில் இருக்கிறது.

அந்தக் கல் வந்த பிறகு இந்த வீட்டில் என்ன மிச்சம்? ஒட்டியாணம் போனது, அட்டிகை போனது, நிலம் போனது, உன் அண்ணனும் போனார். அது மட்டும் போய்த் தொலையவில்லை. கோர்ட்டுச் செலவுக்காக உன் அண்ணன் அதைச் சேட்டுக் கடையில் அடகு வைத்தார். அன்று ராத்திரி சேட்டின் குழந்தைக்குக் காய்ச்சல். விடிந்ததும் வீடு தேடி வந்து, "காசு மெதுவா குடுங்கம்மா, இத மொதல்ல எடுத்துக்கங்க" என்று வாசலில் வைத்துவிட்டு ஓடினார்.

நேராகக் கேட்கிறேன். உன் வீட்டுச் சனி உனக்கே வரட்டும். தோட்டை எனக்குக் கொடு. நமக்குள் இருப்பது தீர்ந்துவிடும்.

அண்ணி ரெங்கம்மாள்

*

குத்தாலம்
2-2-1972

அன்புள்ள அண்ணிக்கு ஆனந்தவல்லியின் வணக்கம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்று இருந்தது. அம்சத்துக்கு என் ஆசீர்வாதம்.

சட்டம் வந்து எடுத்த நிலத்துக்குக் கல் என்ன செய்யும் அண்ணி? இந்தப் பக்கத்திலும் எத்தனையோ பேருக்கு நிலம் போனது. அவர்கள் வீட்டில் நீலமா இருந்தது?

மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கருமித்தனம் என்று எண்ணாதீர்கள். கல்யாணத்தன்று அம்சம் போட்டுக்கொள்ள இரவலாக அனுப்புகிறேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் மோதிரத்தைக் கல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆசாரியிடம் வேண்டாம், கல் வியாபாரியிடம். அதற்குப் பிறகும் நீங்கள் கேட்டால் தோட்டை நானே கொண்டுவந்து தருகிறேன்.

ஆனந்தவல்லி

*

மேலக்கரை
18-2-1972

ஆனந்தவல்லிக்கு,

இரவல் தோடு போட்டுப் பெண்ணை அனுப்பும் வீடு இது இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மன்னார்குடிக் கடைத்தெருவில் அப்துல் வஹாப் என்று ஒரு கல் வியாபாரி இருக்கிறார். கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பியவர். துரைராசுவிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். முந்தானையில் முடிந்திருந்த மோதிரத்தைக் கையால் தொடாமல் அவர் மேசையில் உதறினேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு எனக்கு டீ சொன்னார்.

"இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"மாமியா குடுத்தது. என்ன பாய், வெறும் கண்ணாடியா?"

"கண்ணாடியா! அசல் இலங்கைக் கல்லும்மா. இம்புட்டுப் பெருசுல, உள்ள ஒரு கீறல் இல்லாம, இந்த நெறத்துல நான் பாத்ததே ஒண்ணோ ரெண்டோ."

"ஏழுகல் வைரத்தோட்டுக்கு ஈடாகுமா?"

சிரித்துவிட்டார். "வைரம்னா அருமைன்னு எல்லாரும் நெனைக்கிறோம். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் சுரங்கம் சுரங்கமா வெட்டி எடுத்து, வெல எறங்கிடக் கூடாதுன்னு கொஞ்சங் கொஞ்சமா வெளிய விடுறான். ரொம்பப் பெரிய கல்லு வேற கத. தோட்டுல வைக்கிற வைரம் காசோட போனா இன்னிக்கே கெடைக்கும். இது காசோட போனாலும் கெடைக்காதும்மா. இந்த ஒரு கல்லுக்கு அந்த மாதிரித் தோடு பல ஜோடி வாங்கலாம்."

மோதிரத்தைத் திரும்ப முடிந்துகொண்டேன். இந்த முறை கையால் எடுத்தேன்.

உனக்கு இது முன்பே தெரியும். யார் சொன்னது? எப்போது? மறைக்காமல் எழுது.

ரெங்கம்மாள்

*

குத்தாலம்
1-3-1972

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா சொன்னாள். அவளுடைய அப்பா கொழும்பில் இருந்தபோது வாங்கிய கல் அது. நகை பிரிப்பதற்கு முதல் நாள் என்னிடம் சொன்னாள். நான் அழுதேன். "பெத்த பொண்ணுக்கு மட்டமானதா?" என்று கேட்டேன்.

"உன் புருஷன் ஒத்த ரூவாய ஒம்பது தடவ எண்ணுறவன். உங்கிட்ட வைரம் நிக்கும். அவளுக்கு வாச்சிருக்கிறது என் புள்ளடி. வைரத்துக்குத் தெருவுல போறவனும் வெல சொல்லுவான். ஒரு வழக்கு வந்தாப் போதும், அவன் வித்துடுவான். நீலத்தத் தொட இந்தச் சீமையில எவனுக்கும் துணிச்சல் வராது. அது ஒண்ணுதான் அவகிட்டத் தங்கும். அவன் இருக்கிற வரைக்கும் அவகிட்டச் சொல்லிடாத. கோவத்துல அவன்கிட்டக் கொட்டிடுவா" என்றாள்.

சேட்டு திருப்பிக் கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது அம்மா எதிரே நிற்பது போல் இருந்தது.

அண்ணன் காரியத்தன்று சொல்லத்தான் உங்களைத் தேடி உள்ளே வந்தேன். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

அப்பளம் அன்று எனக்கும் கிடைக்கவில்லை.

ஆனந்தவல்லி

*

மேலக்கரை
10-4-1972

ஆனந்தவல்லிக்கு,

அத்தையின் திதியன்று எனக்கு வருஷா வருஷம் தலைவலி வரும், படுத்துவிடுவேன். இந்த வருஷம் எழுந்து சமைத்தேன். அதைப் பற்றி வேறு எழுத எனக்கு ஒன்றுமில்லை.

வேதாரண்யத்துச் சம்பந்தி அம்மா வந்திருந்தார். "வைரம் இல்லிங்க. எங்க மாமியா குடுத்த நீலம் இருக்கு. அதையே பொண்ணு கையில போட்டு அனுப்புறேன்" என்று எடுத்துக் காட்டினேன். வெற்றிலைத் தட்டோடு பின்னால் நகர்ந்தார். "நீலமா! ஐயையோ, வேண்டாங்க. காதுல பவுன் தோடு இருந்தாப் போதும்" என்றார். வைரப் பேச்சு அதோடு நின்றது. வைகாசியில் கல்யாணம்.

உச்சவரம்பில் போன நிலத்துக்கு மறுபடி வழக்குப் போடத் துரைராசு வக்கீல் தேடிக்கொண்டிருக்கிறான். அச்சு அசல் அவன் அப்பாதான். அதனால் மோதிரம் யாருக்கு என்று முடிவு செய்துவிட்டேன். நேற்று அவன் பெண்டாட்டி ராஜாத்தியைக் கூப்பிட்டு, "எனக்கப்புறம் இந்த நீலம் உனக்குத்தான்" என்றேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அடுப்படியில் பாத்திரம் உருண்டது. "எல்லாச் சனியும் என் தலையிலதானா?" என்று அவள் அடுப்பிடம் கேட்டதும் காதில் விழுந்தது.

நான் காரணம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல ஒருத்தி வேண்டுமே என்று அம்சத்திடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் ராஜாத்தியிடம் மூச்சுவிடாதே. வாயை மூடிக்கொண்டிருப்பது உனக்குப் பழக்கம்தானே.

கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடு. அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டு வா. நன்றாகத்தான் இருக்கும்.

முப்பது வருஷம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தாய். அதை நான் விடப்போவதில்லை. பந்தியில் உன் இலைக்கு அப்பளம் நானே வைப்பேன். பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

அண்ணி ரெங்கம்மாள்