நான்காவது பீப்பாய்

ராத்தா,

நேற்றுப் பின்னேரம் பள்ளிவாசல்துறைக் கரைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். அங்கே ஒருவர் ஐஸ் பெட்டியின் மேல் சணல் சாக்கை விரித்து, ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். கச்சான் காற்று நனைந்த சாக்கின் மணத்தை நேராக என் முகத்துக்குக் கொண்டுவந்தது. பாரை மீனை நிறுத்துக்கொண்டிருந்தவர் "டீச்சர், எத்தினை கிலோ?" என்று இரண்டு தரம் கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் நான் உங்கள் வீட்டுப் பின்வளவில் நின்றேன்.

உங்களுக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. ஒரே வேலியின் இரண்டு பக்கத்தில் இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? வேலிக் கிடுகை விலக்கி "டீச்சர், இஞ்சி வந்திருக்கு" என்பீர்கள். பாடக் குறிப்பை மூடிவைத்துவிட்டு நான் வருவேன். உங்களைவிட மூன்று வயது இளையவள் என்பதால் எனக்கு நீங்கள் ராத்தா. பள்ளியில் இரசாயனம் படிப்பிப்பவள் என்பதால் உங்களுக்கு நான் டீச்சர். என் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சண்டை முடிந்தபின் நம் கடற்கரையில் வெளிநாட்டுக்காரருக்கான விடுதிகள் முளைத்தன. அதில் ஒன்று மூடியபோது நான்கு எவர்சில்வர் பீப்பாய்களும், ஒரு பெரிய ஃபிரிட்ஜும், பீப்பாயிலிருந்து ஊற்றுகிற குழாயும் நமக்குக் கிடைத்தன. அந்தப் பீப்பாய்களில் முன்பு இருந்தது பியர். கொதிநீரில் அவற்றை எத்தனை தரம் கழுவினீர்கள் என்று நினைவில்லை. உங்கள் விரல்கள் வெந்து சிவந்தது நினைவிருக்கிறது. இஞ்சி, சீனி, தேசிக்காய், ஒரு சிட்டிகை ஈஸ்ட். ஊரெல்லாம் அதை இஞ்சி பியர் என்றது. நீங்கள் மட்டும் கடைசிவரை இஞ்சிச் சோடா என்றே சொன்னீர்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர் என்று ஏற்கெனவே உங்களுக்கு ஒரு பெயர். பீப்பாய்கள் வந்தபின் சிலர் இன்னொரு பெயரும் வைத்தார்கள்: கள்ளுக்கடை ராத்தா. அதைக் கேட்டும் கேளாததுபோல நடந்து போவீர்கள். ஆனால் ஒரு விதியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். குளிரில் இருந்தால் ஒரு கிழமை. குளிர் விட்டால் மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை வரை. அதற்குமேல் அது மண்ணுக்கு. குளிர் விட்டதும் உள்ளே உறங்கும் ஈஸ்ட் விழித்து, மிச்சச் சீனியைத் தின்று, பானத்தை மெல்ல மதுவாக்கும் என்று நான் விளக்கியபோது, "அதத்தானே நானும் சொல்றன்" என்றீர்கள்.

கரண்ட் ஒழுங்காக வராத அந்த வருடத்தில்தான் ஹாஜியார் வீட்டுப் பெண்ணின் கல்யாணம் வந்தது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு நான்கு பீப்பாய்கள் கேட்டிருந்தார்கள். வெள்ளி ஜும்ஆ முடிகிற நேரம் நம் தெரு ட்ரான்ஸ்ஃபோமர் எரிந்தது. ஜெனரேட்டருக்கு ஊற்ற டீசல் எங்கும் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகளும் கரையில் கிடந்தன. அதனால் ஒரு படகுக்காரர் தன்னிடம் மிஞ்சியிருந்த ஐஸ் கட்டிகளை நமக்குத் தந்தார். மரத்தூள் போட்ட மீன் பெட்டிகளில் மூன்று பீப்பாய்களை இறக்கி, ஐஸை உடைத்துச் சுற்றிவர அடைத்தோம். நான்காவதற்கு ஐஸ் போதவில்லை. அதற்கு ஈரச் சாக்கைச் சுற்றி, காற்று படும் வேப்பமரத்தடியில் வைத்தோம். இரண்டு நாளும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினோம். பீப்பாயில் கன்னத்தை வைத்துப் பார்த்து "குளிர்தான்" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து "குளிரா டீச்சர்?" என்று என்னையே கேட்டீர்கள்.

கல்யாண வீட்டில் குழாயைப் பூட்டியது நான். வாய்க்கு வரும்போது பானம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று, பீப்பாய்களைச் சுற்றிக் கரையாமல் மிஞ்சிய ஐஸை ஒரு பெட்டியில் அள்ளி, சுருள் குழாயை அதற்குள் புதைத்து, மேலே உப்பளத்துக் கல்லுப்பை அள்ளிப் போட்டேன். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் கூடும் என்று படித்தவள் அல்லவா? ஒரு கை போட வேண்டிய இடத்தில் ஆறு கை போட்டேன். பந்தி முடிந்து ஆண்கள் கிளாஸோடு வரிசையில் நின்றார்கள். குழாயைத் திருகினேன். ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே பானம் உறைந்து கட்டியாகிவிட்டது.

"டீச்சர், பீப்பா நோன்போ?" என்றார் ஒருவர்.

"பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் திறக்கும் போல" என்றார் பின்னால் நின்றவர்.

ஹாஜியார் வந்தார். "யார்ட வேல இது?"

நான் உப்பு ஒட்டிய கையைப் பின்னால் மறைத்தேன். நீங்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "எங்கட வேலதான் ஹாஜியார். உப்பளத்து ஆக்கள்தானே, உப்பக் கண்டா கை நிக்காது."

சிரித்துவிட்டார்கள். புரியாணிச் சமையல்காரரிடம் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் வாங்கிவந்து சுருள் மேல் ஊற்றினீர்கள். குழாய் இருமிற்று, துப்பிற்று, பிறகு ஓடத் தொடங்கியது. நீங்கள் ஒரு கை உப்பைக்கூடத் தொடவில்லை என்பது நமக்கு மட்டும் தெரியும்.

மூன்று பீப்பாய்களும் ஆண்கள் பக்கத்திலேயே முடிந்தன. பெண்கள் பக்கம் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அங்கே முன்வரிசையில் மாப்பிள்ளையின் மாமி இருந்தார். கள்ளுக்கடை என்ற பெயரை வைத்தவர் அவர்தான். நான்காவதைத் திறந்தோம். பாதிக் கிளாஸ் நுரை, பாதிக் கிளாஸ் பானம். எவ்வளவு சீனி மதுவாகியிருக்கிறது என்று அறிய, நான் பையிலிருந்து கண்ணாடித் திரவமானியை எடுத்து மிதக்கவிட்டுப் பார்த்தேன்.

"கொஞ்சம்தான் மாறியிருக்கு ராத்தா. குடிக்கலாம்."

ஹாஜியாரும் அவசரப்படுத்தினார். "டீச்சரே சொல்றாதானே. ஊத்துங்க. பொம்புளைகளுக்கு இல்லையெண்டா எனக்குத்தான் வெக்கம்."

கொடுக்காவிட்டால் பெண் வீட்டாருக்கு அவமானம். அதற்குப் பழி உங்கள் தலையில். கொடுத்து, அது சரியில்லை என்று ஒருவர் முகம் சுழித்தால், அந்தப் பெயர் உங்களை விட்டு இனிப் போகாது. நீங்கள் கிளாஸை எடுத்தீர்கள். மணந்து பார்த்தீர்கள். உதடு வரை கொண்டுபோனீர்கள். அங்கேயே கை நின்றது.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்றீர்கள். "ஆனா என்ட வாய்க்கு இது போகுதில்ல. இத எப்படி அவங்களுக்குக் குடுக்கிற?"

அவ்வளவுதான். பீப்பாயை நீங்களே உருட்டிக்கொண்டு போய், பந்தலுக்கு வெளியே எல்லோரும் பார்க்க மண்ணில் கவிழ்த்தீர்கள். அது நுரைத்து நுரைத்து இறங்கியது. இரண்டு நாள் மாறி மாறித் தண்ணீர் ஊற்றியது எனக்குக் கண்முன் வந்தது. உங்கள்மேல் கோபம் வந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். பிறகு வாளித் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டு, பெண்கள் பக்கத்துக்கு நீங்களே கொண்டுபோனீர்கள். மாமி கிளாஸை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார்.

நீங்கள் மவுத்தாகி உங்களை அடக்கிய அன்று அந்த மாமி வந்திருந்தார், ராத்தா. குசினிக் கதவடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், அண்டைக்கு ஆம்புளைகளுக்குச் சோடா, எங்களுக்குத் தேசிக்காத் தண்ணி எண்டு மூணு வீட்ட போய்க் குற சொன்னன். வீட்ட வந்து படுத்த பிறகுதான் யோசிச்சன். அத எங்களுக்கே ஊத்தித் தந்திருந்தா யாருக்குத் தெரியும்?" கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. "அவட்ட ஒருநாளும் இதச் சொல்லயில்ல" என்றார். அவர் உங்களிடம் சொல்லாததை நான் இங்கே சொல்லிவிட்டேன்.

இந்த மாசியில் எங்கள் பள்ளிக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தோம். அளவெல்லாம் எல்லைக்குள் இருந்தது. பள்ளி அதிபர், தண்ணீர் குடிக்க ஏற்றது என்ற பத்திரத்தை என் முன் வைத்து, "கையெழுத்துப் போடுங்க டீச்சர், கணக்குச் சரிதானே" என்றார். கணக்குச் சரிதான். ஒரு கிளாஸில் அந்தத் தண்ணீரை மொண்டு வாயருகே கொண்டுபோனேன். ஏதோ ஒரு வாடை. தோட்டத்துப் பூச்சி மருந்தா, களப்பின் சேறா என்று சொல்லத் தெரியவில்லை. கை நின்றுவிட்டது.

"இதை நான் குடிக்க மாட்டேன் சேர்" என்று சொல்லி, பேனையை மூடி வைத்தேன்.

இப்போது பிள்ளைகள் பவுசர் லொறியில் வரும் தண்ணீர் குடிக்கிறார்கள். அதிபர் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. அன்றைக்கு உங்களைப் பார்த்திராவிட்டால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், ராத்தா. படித்த படிப்பும் அதைச் சரியென்றே சொல்லியிருக்கும்.