டில்லரியின் தோளும் உன் அப்பா கேட்ட கேள்வியும்

சீக்டோவாகா
சனிக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் மார்சிக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் போன ஞாயிறு மூன்று நிமிடமாவது உன்னை வேலிக்கு அந்தப் பக்கம் நேரில் பார்த்துவிட்டேன், நீ இளைத்துப்போயிருப்பது எனக்கே தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு. விளையாடுகிறவர்களுக்குத் தட்டு நிறையக் கொடுத்துவிட்டு நீ நின்றபடியே வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு ஓடுவாய் என்று எனக்குத் தெரியாதா. இங்கே ஏரிப் பக்கமிருந்து செவ்வாய், புதன் இரண்டு நாளும் விடாமல் பனி கொட்டியது, கராஜ் கூரையில் ஏறி வழிக்கப் போகிறேன் என்று அப்பா ஏணியை எடுத்தார், நான் ஏணியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். முழங்கால் அவருக்கு அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போவதில்லை, என் மகளே இதெல்லாம் படித்தவள் என்கிறார், ஆனால் உன்னிடமும் காட்டுவதில்லை. இர்மா அத்தைக்கு இடுப்பு அறுவை நல்லபடியாக முடிந்தது, நீ அனுப்பிய பூ வந்து சேர்ந்ததாம், முடிந்தால் அவளுக்கு ஒரு போன் போடு.

என் போனை நீ இந்த வாரம் முழுக்க எடுக்கவில்லை. எடுக்காதது ஏன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது, உன் அப்பாவும் பேச முடியாது. நீ அன்றைக்கு மைதானத்தில் கீழே இருந்தாய், நாங்கள் மேலே கடைசிப் படிகளில் இருந்தோம். கீழே நடந்தது உனக்குத் தெரியும். மேலே என்ன நடந்தது என்பதை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

டில்லரியை நம் அணி, ஆட்டக்காரர்களுக்கு நீ காயம் பார்க்கிற உங்கள் அணிக்குக் கொடுத்த நாளிலிருந்து உன் அப்பா அவன் பேரைச் சொல்வதில்லை. 'அந்த ஆள்' என்பார். ஒன்பது வருஷம் நமக்காகப் பந்து எறிந்தவன், இரண்டு முறை கோப்பைக்கு ஒரு படி முன்னால் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டவன், வெள்ளிக்கிழமை தீயணைப்பு மண்டபத்து மீன் சாப்பாட்டுக்கு நம்மோடு வரிசையில் நின்று தட்டு வாங்கியவன். அவனே போகிறேன் என்று கேட்டானா, இவர்கள் துரத்தினார்களா என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது, ஆனால் ஊரில் ஒவ்வொருவருக்கும் நிச்சயமாகத் தெரியும். யூஜின் சித்தப்பா அவன் பேர் போட்ட சட்டையை வண்டி நிறுத்துமிடத்தில் போட்டுக் கொளுத்தினார். உன் அப்பா தன்னிடம் இருந்ததைக் கொளுத்தவில்லை, வண்டி எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டார். அதுதான் பெரிய அவமானம் என்றார் சித்தப்பா. ஆனால் அவன் உன் ஊருக்கு வந்து சேர்ந்த வாரம், நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் என்னிடம் மாத்திரை வாங்க வந்த முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், "அவன் தோள் இப்ப எம் பொண்ணு கையிலதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு நின்றவரும் இவர்தான்.

இந்த வருஷம் அவன் சரியத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு மாதிரியாக ஆகிவிட்டன. நம் ஆட்டம் முடிந்ததும் வானிலை பார்க்கிறேன் என்று சொல்லி உங்கள் ஆட்டத்தைப் போடுவார். டில்லரி எறிந்த பந்தை எதிராளி பிடித்தால் தொடையில் ஒரு தட்டு, "பாத்தியா, லொரெய்ன்? கை போச்சு. அப்பவே சொன்னேன்." கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "காலை சரியா ஊனாம எறியறான், யாராச்சும் சொல்லக்கூடாதா" என்பார். யாராச்சும் என்றால் நீதான். இர்மா அத்தைக்குப் பந்தாட்டமே தெரியாது, ஒரு நாள் கேட்டாள், "அவன் தோத்தா உங்களுக்கு என்ன கெடைக்குது?" என்று. நான் விளக்கினேன்: அவனைக் கொடுத்ததற்குப் பதிலாக, வரும் வசந்தத்தில் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும்போது உங்கள் அணி முதல் ஆளைப் பொறுக்க வேண்டிய முறை நமக்கு வருகிறது, உங்கள் அணி எவ்வளவு கேவலமாகத் தோற்கிறதோ அவ்வளவு நல்ல பையன் நமக்குக் கிடைப்பான். அவள் காபியை வைத்துவிட்டு, "அப்ப உங்க பொண்ணு அங்க அவனைச் சரி பண்ணப் பண்ண இங்க உங்களுக்கு நஷ்டமா?" என்றாள். அப்பா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். தீயணைப்பு மண்டபத்திலும் இதே பேச்சுதான். "நார்பர்ட், உம் பொண்ணுகிட்டச் சொல்லி அவன் தோளைக் கொஞ்சம் தப்பாப் பிடிச்சுவிடச் சொல்லேன்" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, சொல்லியும் இருக்கிறேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அணி நம் ஊருக்கு ஆட வந்த நாள், காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டோம், சித்தப்பா பியரோகிக் கொழுக்கட்டையும் புகைபோட்ட சாசேஜும் கொண்டுவந்தார், இரண்டு பியருக்கு அப்புறம் வெளியே இளவட்டங்கள் செய்கிற மாதிரி மடக்கு மேசை மேல் குதித்து உடைக்கிறேன் என்று நின்றார், அறுபத்தொரு வயசில். "குதிங்க, இர்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருக்கு" என்றேன், இறங்கிவிட்டார். உள்ளே எங்கள் இடத்தில் பனியை நாங்களே தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். டில்லரி ஓடி வந்தபோது பாதி மைதானம் கைதட்டியது, பாதி மைதானம் ஊளையிட்டது. உன் அப்பா இரண்டையும் செய்தார். முதலில் அவரையும் அறியாமல் எழுந்து தட்டினார், சித்தப்பா திரும்பிப் பார்த்ததும் அதே கைகளை வாயருகே குவித்து "ஊ" என்று கத்தினார். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. அவன் முதலில் எறிந்ததே நம் ஆள் கையில் விழுந்தது, நம் பகுதி முழுக்க "நன்றி, டில்லரி!" என்று பாட்டாகவே பாடியது. அப்பாவின் தொண்டைதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நீ கீழே இருக்கிறாய் என்று நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன், "அவளுக்கு இது பழக்கந்தான், இந்த ஊர்ல பொறந்தவதானே" என்றார்.

ஆட்டத்தின் இரண்டாம் கால் பகுதியில் அவன் ஒன்று எறிந்தானே. பனிக்குள்ளே பந்து மேலே போய்க் காணாமல் போய், மைதானத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்த உங்கள் பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நீட்டிய கையில் வந்து இறங்கியது. பழைய எறி. எங்களுக்கு எதிராக ஆறு புள்ளி சேர்த்த டச்டவுன் அது, ஆனால் மேலே நடந்ததைக் கேள், எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்று "ஆஹா" என்றது, ஒரு மூச்சுக்குத்தான், அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு திருடன் மாதிரி உட்கார்ந்தோம். சித்தப்பா மட்டும் உட்காரவில்லை. பிறகு, "அதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தான், அயோக்கியப் பய" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குளிர் என்று சொன்னார்.

மூன்றாம் கால் பகுதியில் நம் தடியன்கள் இரண்டு பேர் அவன் மேல் சாய்ந்தார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள், அவன் எழவில்லை. அப்போது நீ ஓடி வந்தாய். அப்பா தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, "மார்சி. அது மார்சி" என்றார், ஏதோ நான் பெறாதவளைப் போல எனக்கு அறிமுகம் செய்தார். நீ பனியில் மண்டியிட்டு அவன் முகத்துக்கு மிக அருகே குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாய். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு இளவட்டம், நல்ல பையன்தான், காலையில் எனக்குத் தெர்மாஸ் மூடி திறந்து கொடுத்தவன், எழுந்து நின்று, "அப்படியே கிடடா! வசந்தத்துல முதல் பையன் நமக்குத்தான்!" என்று கத்தினான். நாலைந்து பேர் கைதட்டினார்கள். உன் அப்பா திரும்பினார். "வாயை மூடுடா. கீழ மண்டி போட்டிருக்கறது எம் பொண்ணு." அந்தப் பையன் பயப்படவும் இல்லை, மரியாதை குறையவும் இல்லை. "உங்க பொண்ணை நான் ஒண்ணும் சொல்லலையே, பெரியவரே. ஆனா காலையில இருந்து என்னைவிட நீங்கதானே ஜாஸ்தி கத்துனீங்க?" என்றான். உண்மைதானே. திரும்பி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரைக்கும், நாம் ஜெயித்தபோதுகூட, அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

நீ அவன் முழங்கையைத் தாங்கி மெல்ல நடத்திக்கொண்டு போனபோது மொத்த மைதானமும் எழுந்து தட்டியது, அது உனக்குக் கேட்டிருக்கும். நானும் தட்டினேன். எதற்காகத் தட்டினேன் என்று யாராவது கேட்டால் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. பாவம் என்று தட்டினேன், ஒன்பது வருஷத்துக்காகத் தட்டினேன், உனக்காகத் தட்டினேன். இனி அவன் திரும்பி உள்ளே வரமாட்டான், நாம் ஜெயித்துவிடலாம் என்றும் உள்ளுக்குள் ஓடியது. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். என்னைச் சுற்றி நின்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது வேலி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அணி பஸ் நிற்கும் இடத்துக்கு வாருங்கள், ஒரு நிமிடம் ஓடி வருகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அங்கே நடந்து போகும்போது அப்பா என்னிடம், "சாப்பிட்டியான்னு கேப்பேன், முழங்கால் பத்திப் பேச மாட்டேன், அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார். நீ ஓடி வந்தாய். அவர் வாயைத் திறந்தார். "தோள் எப்படி இருக்கு அவனுக்கு?" என்று வந்துவிட்டது. உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அப்பா, அதை நான் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். இதைக் கேக்கத்தான் பனியில நின்னீங்களா?" என்றாய். வேலி இடுக்கில் என் விரலை மட்டும் தொட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டாய். மேலே கத்தியது உனக்குக் கேட்டதா, அல்லது வசந்தத்துக் கணக்குக்காகக் கேட்கிறார் என்று நினைத்தாயா, இரண்டுமா, எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கு அவர் மனசில் துளியும் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இந்த ஊரில் அந்தக் கணக்கு இல்லாத மனசு கிடையாது. ஆனால் அவன் கீழே கிடந்ததிலிருந்து பஸ் கிளம்புவது வரைக்கும் அந்த மனிதருக்குத் தன் மகளிடம் பேசத் தெரிந்த ஒரே பேச்சு அதுதான் என்று எனக்குப் படுகிறது. பத்து வயசிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பந்தாட்டத்தை வைத்துத்தானே பேசிக்கொண்டீர்கள், வேறு எதை வைத்துப் பேசினீர்கள் என்று யோசித்துப் பார்.

புதன்கிழமை செய்தி வந்துவிட்டது, இந்த வருஷத்துக்கு டில்லரி இனி ஆடமாட்டான், முப்பத்தாறு வயசில் அடுத்த வருஷமும் சந்தேகம்தான் என்று. நேற்று மீன் சாப்பாட்டுக்குப் போனோம். சித்தப்பா எழுந்து கிளாஸைத் தூக்கி, "டில்லரியோட தோளுக்கு! நம்ம வசந்தத்துக்கு!" என்றார், மண்டபமே சிரித்துக் குடித்தது. உன் அப்பாவும் கிளாஸைத் தூக்கினார், பாதி வழியில் நிறுத்தி மேசையில் வைத்தார். "வண்டியைச் சூடு பண்றேன்" என்று வெளியே போய்விட்டார், மீனில் கை வைக்கவில்லை. சித்தப்பா என்னிடம், "அண்ணி, நான் தமாஷுக்குத்தானே சொன்னேன்? எனக்கு மட்டும் வயிறு எரியலையா?" என்று கேட்டார். எரிகிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். தன்னுடைய மீனையும் சேர்த்துப் பொட்டலம் கட்டி அண்ணனுக்கென்று கொடுத்தனுப்பினார்.

வண்டியில் திரும்பி வந்தோம். நம் தெருமுனைக்கு வந்ததும், "அவ கையில கையுறை இல்ல, லொரெய்ன்" என்றார். யார் என்று கேட்டேன். "மார்சிதான். அவன் தோளைத் தொட்டுப் பாக்கக் கழட்டிட்டா. அப்புறம் போடவே இல்ல. வெறுங்கையோட பனியில ஊனிட்டு இருந்தா. முச்சூடும் அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றார். தொலைநோக்கியை அவர் கடைசி வரைக்கும் இறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆட்டத்தைப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இன்று காலை என்னிடம் சொல்லாமல் கடைக்குப் போய் ஒரு ஜோடி கையுறை வாங்கி வந்திருக்கிறார், உள்ளே கம்பளி வைத்தது, விரல் நுனி மட்டும் மடித்துத் திறக்கிற மாதிரி. அந்தப் பாலைவன ஊரில் அவளுக்கு இது எதற்கு, அங்கே டிசம்பரிலும் வெயில் அடிக்கிறது என்றேன். "ஆட்டமெல்லாம் முடிஞ்சு அவ பிப்ரவரியில வருவா இல்ல?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. அதனால் நான் பதில் சொல்லவில்லை, நீ சொல். போனில் வேண்டாமென்றால் ஒரு வரி எழுதினாலும் போதும், ஆனால் அவர் பேருக்கு எழுது.

கையுறையை இத்துடன் வைத்திருக்கிறேன், அளவு சின்னதாக இருந்தால் சொல்லாதே, அவருக்கு உன் கை இன்னும் பள்ளிக்கூட அளவில்தான் இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடி. கடவுள் உன்னையும், உன் கையில் வந்து சேர்கிற தோள்கள் எல்லாவற்றையும் காப்பாற்றட்டும்.

என்றும் உன் அன்பு அம்மா,
லொரெய்ன்