ஜாமீன் கேசட்

5 நவம்பர் 1996, செவ்வாய்

இதை நான் எழுதுகிறேன். என் கை. எழுபத்தொரு வயது ஹார்ம் எழுதுகிறான்.

ஆசிரியை கிரீத் இந்த நோட்டைக் கொடுத்தார். "தினம் ஒரு வரியாவது எழுதுங்க. நான் பாக்க மாட்டேன், திருத்தவும் மாட்டேன்" என்றார். ஒரு வரி கேட்டார், இத்தனை ஆகிவிட்டது!

6 நவம்பர், புதன்

மழை. "மழை" என்று எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

7 நவம்பர், வியாழன்

உங்களைத் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள் என்று கிரீத் சொல்லியிருக்கிறார். சரி, தெரியாதவரே, கேளும்.

வியாழன் என்றால் வுப்போ வீடு. டிவி ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். என்னைவிட மூன்று வயது இளையவன், வாய் மட்டும் மூன்று மடங்கு. நாலு வருடம் முன்னால் ஒரு கப்பல்காரன் ஒரு பை நிறைய ஜப்பான் வீடியோ கேம் கேசட்டுகளை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். நம் ஊர் கேம் பெட்டியில் போட்டால் கறுப்புத் திரைதான். வேற்று நாட்டுக் கேசட் ஓடாதபடி பூட்டித்தான் பெட்டியை விற்கிறார்கள். வுப்போ விடுவானா? ஒரு அடாப்டரைத் தேடிப் பிடித்தான். அதில் முன்னால் ஜப்பான் கேசட், பின்னால் நம் ஊர்க் கேசட். பின்னால் நிற்பவனைப் பார்த்துவிட்டு, "ஓ, நம்ம ஆளுதான்" என்று பெட்டி கதவைத் திறந்துவிடும். பின்னால் நிற்பது என்னுடைய கால்பந்துக் கேசட். அதற்கு ஜாமீன் என்று பெயர் வைத்தோம்.

ஆட்டத்தில் வசனம் எல்லாம் ஜப்பானிய எழுத்து. வுப்போவுக்கு ஒன்றும் புரியாது. எனக்கும்தான். ஆனால் எனக்கு அது புதிதில்லை. சரக்குப் படகில் பிறந்து படகிலேயே வளர்ந்தவன் நான். எந்த ஊர்ப் பள்ளியிலும் இரண்டு வாரத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. ரொட்டிக்கடைப் பலகை முதல் அரசாங்கக் கடிதம் வரை எனக்கு எல்லாமே ஜப்பான்தான். எழுத்தைப் படமாகப் பார்த்து, ஞாபகம் வைத்தே காலத்தை ஓட்டியவன். இந்த ஆட்டத்திலும் அப்படித்தான்: எழுத்து ஏணி மாதிரி இருந்தால் ஆட்டத்தைச் சேமிப்பது. கூரையில் குச்சி நட்ட மாதிரி இருந்தால் தப்பி ஓடுவது. வுப்போ தடவிக்கொண்டிருப்பான், நான் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். "எப்படிடா உனக்கு மட்டும் பிடிபடுது?" என்பான். அந்த ஒரு கேள்விக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. போன வருடம் செப்டம்பரிலிருந்து செவ்வாய்தோறும் நூலகத்தில் வகுப்புக்குப் போவதும் தெரியாது. காலுக்கு மசாஜ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கை வலிக்கிறது. ஆனால் என்ன ஒரு வலி! இரண்டு பக்கம்!

14 நவம்பர், வியாழன்

மேஜையில் இன்று மூன்று கோப்பை.

ஃபென்னா. வுப்போவின் கட்டடத்தில் நாலாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள். அவள் புருஷன் கப்பல் கம்பெனியில் இருந்தாராம். ஜப்பானில், கோபே நகரத்தில் பதினோரு வருடம். லிஃப்டில் பார்த்து வுப்போதான் கூப்பிட்டிருக்கிறான்.

எங்கள் ஆட்டத்தின் முதல் ஊரில் ஒரு கிழவர் மேஜைக்குப் பின்னால் நிற்பார். அவர் வீரனுடைய அப்பா என்று முதல் வாரமே நான் வுப்போவுக்குச் சொல்லிவிட்டேன். நோயாளி. மருந்துக்கு ஐந்து காசு கொடுப்போம். குனிந்து ஏதோ சொல்லுவார், திரை இருளும், மெல்ல ஒரு இசை வரும், வீரனுக்கு உயிர் முழுசாகத் திரும்பிவிடும். அப்பாவின் ஆசீர்வாதம்! பின்னே என்ன? வுப்போ ஒருமுறை மூக்கைத் துடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அப்பாவைப் பார்க்காமல் நாங்கள் ஆட்டத்தை முடிப்பதே இல்லை.

ஃபென்னா திரைப் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"இவர் யாருக்கும் அப்பா இல்லையே."

"பின்ன யாரு?" என்றான் வுப்போ.

"சத்திரக்காரர். 'ராத்திரி தங்க அஞ்சு காசு, தங்குறீங்களா?'ன்னு கேக்குறார்."

வுப்போ தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "நாலு வருஷமா லாட்ஜ்காரன்கிட்ட ஆசீர்வாதம் வாங்கியிருக்கோம்டா, ஹார்ம்!"

நானும் சிரித்தேன். சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

15 நவம்பர்

லாட்ஜ்காரன்.

19 நவம்பர், செவ்வாய்

வகுப்பில் ஒரு முழுப் பக்கம் வாசித்தேன். நீர்நாய் பற்றியது. கிரீத் கைதட்டினார். நீர்நாய் மூச்சுப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் எட்டு நிமிடம் இருக்குமாம். நானும் அந்தப் பக்கம் முடிகிறவரை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பலகைகளை வாசித்தேன். நாற்பது வருடமாக நான் கடந்துபோன கதவில் "தள்ளவும்" என்று போட்டிருக்கிறது. நான் இழுத்துக்கொண்டிருந்தேன்!

இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? வுப்போவிடம் சொல்ல முடியாது. ஃபென்னாவுக்கு நம் எழுத்து, ஆங்கிலம், ஜப்பானியம் மூன்றும் தெரியும். ஜப்பானிலேயே மூன்று விதமான எழுத்து இருக்கிறதாம், அதுவும் தெரியும். ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை? நான் ஒன்றை வைத்தே மூச்சு வாங்குகிறேன்.

21 நவம்பர், வியாழன்

என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம், வுப்போவுக்கு இடப்பக்கம். நான் முக்காலியில்.

"இந்தக் காவல்காரன் என்ன சொல்றான், ஃபென்னா?" "அந்தக் கிழவி என்ன சொல்றா, ஃபென்னா?" சாயங்காலம் முழுக்க ஃபென்னா, ஃபென்னா. அவள் சொல்லச் சொல்ல வீரன் போகிறான், வருகிறான், சாவி கிடைக்கிறது, கதவு திறக்கிறது. நாலு வருடத்தில் நாங்கள் போகாத தூரம் ஒரே நாளில் போய்விட்டார்கள். என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை. பிஸ்கட் டப்பா நீட்டும்போது மட்டும் என் பெயர் வந்தது. ஒரு பிஸ்கட். அப்புறம் டப்பாவை மூடிவிட்டான்.

28 நவம்பர், வியாழன்

கிளம்பும்போது வுப்போ கேட்டான்: "கால் எப்படி இருக்கு? மசாஜ்காரி நல்லா பாத்துக்கிறாளா?"

அவன் குரலில் ஏதோ இருந்தது. "நல்லா இருக்கு" என்றேன். "இருக்கும், இருக்கும்" என்றான்.

என்ன அர்த்தம் அதற்கு?

5 டிசம்பர், வியாழன். நிக்கோலாஸ் சாமி நாள்

நடந்ததை எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

இந்த நாளில் பரிசோடு ஒரு கேலிப் பாட்டும் வரும். யாருக்கு வந்ததோ அவரே எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்க வேண்டும். வழக்கம் அப்படி. நான் ஆயுள் முழுக்க அதிலிருந்து தப்பியவன். கண்ணாடியை மறந்துட்டேன், தொண்டை கட்டிக்கிச்சு, நீயே வாசி... வுப்போவும் நானும் பாட்டெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. சாக்லேட்டில் வார்த்த எழுத்து ஆளுக்கொன்று, அவரவர் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான்.

ஃபென்னா பாட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு.

"வாசிங்க ஹார்ம்! சத்தமா!"

கண்ணாடி மறந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணாடி என் மூக்கின்மேலேயே இருந்தது. வகுப்புக்காக வாங்கியது, கழற்றவே மறந்துவிடுகிறேன்.

கிரீத் எழுத்தைத் தனித்தனியாக, நிமிர்த்தி எழுதுவார். அது எனக்கு வரும். இது சாய்ந்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, புல் காற்றில் படுத்த மாதிரி. என் பெயரைக் கண்டுபிடித்தேன். "ஹார்ம்..." என்றேன். அதற்குமேல் ஜப்பான்.

"என்னடா, ரோஷமா?" என்று வுப்போ காகிதத்தைப் பிடுங்கினான். அவனே வாசித்தான்:

"அப்பா சாகிறார் என்று அழவைத்தார் ஹார்ம் ஐயா,
அறை வாடகை கேட்டவனுக்கு அத்தனை கண்ணீர் பொய்யா?"

இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். நான் எழுந்துபோய் அடாப்டரின் பின்னாலிருந்து என் கேசட்டை உருவினேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஊர் முழுக்கக் கோடுகோடாய் உறைந்துபோனது.

"டேய், எங்கடா போறே?"

"என் கேசட். என் வீடு."

சாக்லேட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

6 டிசம்பர்

ஜாமீன் இல்லாமல் என்ன செய்வார்கள்? கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். வருவான். சனிக்கிழமைக்குள் வந்துவிடுவான்.

7 டிசம்பர், சனி

வரவில்லை.

14 டிசம்பர், சனி

சந்தையில் பழைய சாமான் விற்கிற டீர்க் என்னைக் கூப்பிட்டான். "வுப்போவோட ஒரு அம்மா வந்தாங்க. பழைய கேசட் ஒண்ணு வேணும், எது கிடைச்சாலும் சரின்னாங்க. மீன்பிடி ஆட்டம் ஒண்ணு கிடந்துச்சு, குடுத்தேன். இங்கேயே போட்டுப் பாக்கணும்னு பெட்டியைத் தூக்கிட்டே வந்துட்டாங்க. ஜோரா ஓடுது!"

மீன்பிடி ஆட்டம். யார் வேண்டுமானாலும் ஜாமீன் நிற்கலாமா? எது கிடைத்தாலும் சரியா?

அவள்மேல் எனக்கு இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. வகுப்பு அகராதியில் பொறாமையைத் தேடிப்பிடித்தேன். பதினைந்து நிமிடம் ஆனது. அங்கே இரண்டு வரிதான் போட்டிருக்கிறது. எனக்கு அதைவிட நிறையத் தெரியும்.

19 டிசம்பர், வியாழன்

ரொட்டிக்கடைக்குப் போகிற வழி அது இல்லை. ஆனாலும் அப்படித்தான் போனேன். வுப்போவின் ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. ஒன்று என் நாற்காலியில்.

ரொட்டி வாங்க மறந்துவிட்டேன்.

4 ஜனவரி 1997, சனி

நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. உறைந்த கால்வாய்கள் வழியே பதினோரு ஊரைச் சுற்றும் பனிச்சறுக்கு ஓட்டம். எந்த வருடம் கால்வாய்கள் போதுமான அளவு உறையும் என்று யாருக்குத் தெரியும்? கடைசியாக நடந்து பதினோரு வருடம் ஆகிறது. அப்போது வுப்போவும் நானும் ஒரே போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு பார்த்தோம்.

தனியாகப் பார்த்தேன். ஜெயித்தவன் கோட்டைத் தாண்டியபோது "பாத்தியாடா!" என்று பக்கத்தில் திரும்பினேன்.

வெறும் சோபா.

7 ஜனவரி, செவ்வாய்

வகுப்பில் கிரீத், "இன்னிக்கு ஒரு கடிதம் எழுதுங்க. நிஜமான ஆளுக்கு" என்றார். எல்லாரும் நகரசபைக்கு எழுதினார்கள், தெருவிளக்கு எரியவில்லை என்று. நான் வுப்போவுக்கு எழுதினேன். வாழ்க்கையின் முதல் கடிதம்! இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்:

"வுப்போ, எனக்கு வாசிக்கத் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும். செவ்வாய்க்கிழமை மசாஜ் இல்லை, வகுப்பு. அந்தப் பாட்டை என்னால் வாசிக்க முடியவில்லை, அதனால் போனேன். அது மட்டும் காரணம் இல்லை. அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹார்ம்."

கடைசிக்கு முந்திய வரியை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

போகும் வழியில் அவன் கதவுப் பெட்டியில் போட்டேன். போட்டதும் கையை உள்ளே விட்டுத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். விரல் எட்டவில்லை.

9 ஜனவரி, வியாழன்

காலை ஒன்பது மணிக்கே மணி அடித்தது. வுப்போ. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நாலு வருஷமா வாரா வாரம் உங்கிட்ட பேப்பரை நீட்டினேனே. அதுல என்னடா பாத்தே?"

"கால்பந்துப் படம்."

"தேர்தலைப் பத்தி எங்கூடச் சண்டை போட்டியே?"

"ரேடியோ."

கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

"அப்ப அந்தப் பொம்பளை யாரு?"

"எந்தப் பொம்பளை?"

"நூலக ஜன்னல்ல பாத்தேன்டா. அக்டோபர்ல ரெண்டு செவ்வாக்கிழமை. தலையோட தலை முட்ட ஒரே புத்தகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. எங்கிட்ட மசாஜ்னு சொன்னே."

"கிரீத்! என் டீச்சர்டா அது!"

"எனக்கு எப்படித் தெரியும்? தனக்குன்னு வேற ஆளு கிடைச்சதும் இவன் மறைக்கிறான்னு நெனச்சேன். நீ ஆளு சேத்தா எனக்கும் சேக்கத் தெரியும்னுதான் லிஃப்ட்ல அந்தம்மாவைக் கூப்பிட்டேன்."

அவனையே பார்த்தேன். காது நுனி சிவந்திருந்தது. டிசம்பர் முழுக்க என் வயிற்றில் கிடந்தது எதுவோ அது அக்டோபரிலிருந்தே அவன் வயிற்றில் கிடந்திருக்கிறது.

பொறாமை! வுப்போவுக்கு! என்னை வைத்து! இதை இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். என்னை வைத்து!

போகும்போது வாசலில் நின்று, "கடிதத்துல ஒரு தப்புகூட இல்லடா" என்றான். மூன்று இருக்கிறது. நானே பார்த்துவிட்டேன்.

16 ஜனவரி, வியாழன்

போனேன். ஃபென்னா எழுந்து எனக்கு நாற்காலியை விட்டாள். "மன்னிச்சுக்கங்க ஹார்ம். என் கையெழுத்தை என் புருஷனே வாசிக்க மாட்டார், லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுச் சிரிப்பார்" என்றாள். நாற்காலி வேண்டாம் என்றேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது முறை இப்படி: வசனம் வந்தால் ஃபென்னா அதை நம் மொழியில் ஒரு தாளில் எழுதுகிறாள், நிமிர்ந்த எழுத்தில், தனித்தனியாக. நான் உரக்க வாசிக்கிறேன். வீரன் வாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறான்.

"பா-ல-ம்... உ-டை-ந்..."

"மெதுவா வாசிடா. அவன் எங்கேயும் ஓட மாட்டான்" என்றான் வுப்போ.

சண்டை வந்தால் மட்டும் ஃபென்னா பட்டியலை ஒவ்வொரு வரியாக வாசிக்கப் பார்க்கிறாள். அதற்குள் வீரன் செத்துவிடுகிறான். "ஹார்ம், நீங்க எடுங்க, நீங்க எடுங்க!" என்று கத்தினாள். கூரையில் குச்சி. தட்டினேன். தப்பித்தோம்.

நான் காபி எடுக்கப் போனபோது இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். என்ன என்று கேட்கவில்லை. கொஞ்சம் வலித்தது. கொஞ்சம்தான்.

6 பிப்ரவரி, வியாழன்

ஃபென்னாவுக்குக் காய்ச்சல். வுப்போ இரண்டு கோப்பைதான் வைத்திருந்தான். "இன்னிக்கு நாம ரெண்டு பேர்தான்டா. பழைய மாதிரி."

இதைத்தான் நான் குளிர்காலம் முழுக்கக் கேட்டேன்.

வீரன் கடற்கரையில் ஒரு புது ஊருக்கு வந்தான். வாசலில் ஒரு பெண் நின்று நாலு வரி பேசினாள். வுப்போ என் பக்கம் திரும்பினான். "சொல்லு, என்ன சொல்றா?"

என்னிடம் ஒன்று தயாராகத்தான் இருந்தது. நல்லதாகவும் இருந்தது. அவள் புருஷன் கடலிலிருந்து திரும்பவில்லை என்று.

"தெரியாது" என்றேன். "அவங்க எழுந்து வர வரைக்கும் இங்கேயே நிக்கட்டும்."

ஆட்டத்தைச் சேமித்தேன், வுப்போ பெட்டியை அணைத்தான். பட்டாணி சூப்பைச் சூடாக்கிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தான். லிஃப்ட் கீழே எங்கேயோ நின்றிருந்தது. காத்திருக்கவில்லை, நாலாவது மாடிக்கு நான் முன்னால் படியேறினேன்.